அணைத்துப் போட்டால் சரியாவது ஏன்?



வார்டில் ஸ்கேன் இயந்திரம் குழம்பினால் முதலில் அணைத்துப் போடுவோம். அநேகமாகச் சரியாகிவிடும். ஏன் என்று ஒருநாள் தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டேன்.

உள்ளே எஃப்.பி.ஜி.ஏ. என்றொரு சில்லு. அதற்குப் பிறவித் தொழில் கிடையாது. மின் வந்ததும் பக்கத்து ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து அமைப்புத் தரவை வாசித்து, அதன்படி தன் இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். விண்கதிர் பட்டு அத்தரவில் ஒரு பிட் புரண்டாலும் சுற்றே மாறலாம். அணைத்துப் போடும்போது நல்ல பிரதி மறுபடி ஏறுகிறது. நின்றுபோகும் இயந்திரத்துக்கு நான் பயப்படுவதில்லை. பிழையான எண்ணைத் தெளிவாகக் காட்டுவதற்குத்தான் பயம்.

விண்வெளியில் அணைத்துப் போட ஆளில்லை. அதனால் அமைப்பு நினைவகத்தை ஓயாமல் வாசித்து, சரிபார்ப்புப் பிட்டுகளோடு ஒப்பிட்டு, புரண்டதைத் திருத்தி எழுதுவார்கள். முக்கிய சுற்றை மூன்றாகக் கட்டி, இரண்டு சொல்வதை ஏற்பார்கள். நம் உயிரணுவும் டி.என்.ஏ.யின் ஓர் இழை கெட்டால் மற்றதைப் பார்த்தே திருத்துகிறது.

2019இல் விண்ணுக்குப் போன இராவணா-1ஐ ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் செய்த நம் நாட்டவர் இருவர்: தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா. ஏறக்குறைய ஒரு கிலோ நிறை. பலகைகளுக்கிடையிலான இணைப்பை நிரலிடக்கூடிய சில்லிலேயே வைத்தார்கள்.

துலானி ஒரு பெண். குருவிட்டத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும். நூற்றாண்டு நிதியில், மேடைத் திரைக்கு முன், ஒரு பயிற்சிப் பலகை வாங்குவோமா? பிழையாக எழுதினாலும் அழித்துத் திரும்ப ஏற்றலாம்.