கணிப்பொறியும் நொறுக்குத் தீனியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புனே நகருக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவைத் தாங்கள் அறிவீர்கள். 1988இல் இங்கே தோன்றிய சீ-டாக் நிறுவனம் 1991இல் 'பரம் 8000' என்னும் மீத்திறன் கணிப்பொறியை ஆக்கித் தந்தது. பின்னர் எழுந்த ஹிஞ்சவடித் தொழிற்பேட்டை நம்மவர் பலரை இந்நகருக்கு அழைத்து வந்தது. அப்பொறியின்முன் அமர்ந்து நாம் தின்னும் முறையைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றேன்.

பசி, இயற்கை அடிக்கும் மணி. "எழு, கை கழுவு, நாலு பேரோடு அமர்ந்து உண்" என்று அது உழைப்பவனை எழுப்பி வந்தது. இன்றோ முறுக்கும், பாக்கர்வடியும், உருளைக்கிழங்கு வறுவலும் பொறியின் அருகிலேயே குடியிருக்கின்றன. மணி ஒலிக்கும் முன்பே அதன் நாவைக் கட்டிவிடுகின்றோம். எழுவதற்குக் காரணம் இல்லாமற்போகவே, ஒரு மணி நேர இருக்கை மூன்று மணியாக நீள்கின்றது. தீனி தீருமட்டும் திரையை விடுவதில்லை. திரை அணையுமட்டும் தீனியை விடுவதில்லை.

2011இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டனர். 44 பேரை இரு சாராராகப் பிரித்து, ஒரு சாராரைக் கணிப்பொறியில் சீட்டாடிக்கொண்டே பகலுணவு உண்ணச் செய்தனர். மற்றவர் ஆட்டமின்றி உண்டனர். அரைமணி கழித்துப் பிஸ்கோத்து வைத்தபோது, ஆடிக்கொண்டே உண்டவர்களே மிகுதியாகத் தின்றனர். முன்னர் உண்டவை எந்த வரிசையில் வந்தன என்பதும் அவர்களுக்குச் சரிவர நினைவில் இல்லை. கண் வேறிடத்தில் இருப்பின், உண்டதை வயிறும் மறக்கும் போலும்!

"வேலை மிகுதி, எழ நேரமில்லை" என்பர் இளைஞர். மதியம் கடையடைத்து உண்டு இளைப்பாறும் பழைய புனே வணிகரின் வழக்கத்தைக் கண்டு நாம் நகைத்ததுண்டு. அதனால் அவர்தம் வணிகம் அழிந்துவிடவில்லை!

அன்பர்களே! நம் வீட்டு மாலைப் பலகாரம் வெறும் தீனியன்று. அது உரையாடும் வேளை. மராத்தியும் ஆங்கிலமும் பயின்று வளரும் நம் குழந்தைகளுள் பலர், தமிழை நாவாரப் பேசுவது அந்த அரைமணியில்தான். ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கிண்ணம் என்றாகிவிட்டால், உடல்நலத்தோடு அதுவும் போய்விடும்.

தின்பண்டத்தை விலக்குமாறு நான் கூறவில்லை. தட்டு பொறியைத் தேடிச் செல்ல வேண்டா. நாம் எழுந்து தட்டு இருக்கும் இடத்திற்கு வருவோம். இவ்வொரு வழக்கத்தை இன்றே நம் இல்லங்களில் தொடங்குவோமாக.