தெதெஸ்கோ: ஒரு சொல்லின் வரலாறு



ஒரு நாட்டின் பெயரை அறிந்தால் அந்நாட்டாரின் பெயரும் பெரும்பாலும் தானே விளங்கிவிடும். இத்தாலிய மொழியில் பிரான்சியா நாட்டவன் பிரான்செசே. ஸ்பாஞ்ஞா நாட்டவன் ஸ்பாஞ்ஞோலோ. ஆனால், ஜேர்மனியை ஜெர்மானியா என்றழைக்கும் இத்தாலியர், அந்நாட்டவனைத் தெதெஸ்கோ என்பர். பெண்ணாயின் தெதெஸ்கா, பலராயின் தெதெஸ்கி. ஜேர்மன் மொழிக்கும் தெதெஸ்கோ என்பதே பெயர். ஜெர்மானிகோ என்னும் சொல்லும் உண்டெனினும், அது பண்டைய ஜெர்மானியக் குலங்களையும் அவற்றின் மொழிக் குடும்பத்தையும் குறிக்கவே பெரிதும் வழங்கும்.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? ஜெர்மானியா என்பது உரோமர் வழங்கிய நாட்டுப் பெயர். தெதெஸ்கோ என்பதோ, பழைய ஜெர்மானிய மொழிகளில் 'மக்கள்' எனப் பொருள்பட்ட சொல்லடியாகப் பிறந்த தெயோதிஸ்குஸ் என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இலத்தீன் கற்றோர் மொழி. தெயோதிஸ்குஸ் பொதுமக்கள் பேச்சு. இங்கிலாந்திற் கூடிய திருச்சபைச் சங்கத்தின் தீர்மானங்கள் இலத்தீனிலும் மக்கள் மொழியிலும் வாசிக்கப்பட்டன என்று கூறும் 786ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் இச்சொல் காணப்படுகின்றது. ஜேர்மானியர் தம்மை டொய்ச் என்பதும், நாம் ஒல்லாந்தர் என்போரை ஆங்கிலேயர் டச்சு என்பதும் அவ்வேரின் கிளைகளே.

சொல்லின் பொருள் எளியது. அது பட்ட பாடு எளியதன்று. வெனிஸ் நகரில், றியால்ட்டோ பாலத்தருகே ஜேர்மன் வணிகர் தங்கிய பண்டகசாலைக்குத் தெதெஸ்கியரின் பெயரே வழங்கிற்று. அங்கே அச்சொல் வாணிகத்தின் அடையாளம். 1815 தொடக்கம் லொம்பார்டியை 1859 வரையும், வெனிஸ் நாட்டை 1866 வரையும் ஒஸ்திரியர் ஆண்டபோது, ஜேர்மன் மொழி பேசிய அவ்வாட்சியாளரையும் இத்தாலியர் தெதெஸ்கி என்றே வெறுத்துரைத்தனர். 1943 செப்டெம்பரில் ஜேர்மன் படைகள் இத்தாலியைக் கைப்பற்றியபோது, அச்சொல் மீண்டும் அச்சத்தின் பெயராயிற்று.

ஆயினும், அதே சொல்லைக் குடும்பப் பெயராகத் தாங்கிய இத்தாலிய யூதர் பலர் இருந்தனர். 1895இல் புளோரென்ஸ் நகரிற் பிறந்த இசைப்புலவர் மாரியோ கஸ்தெல்நுவோவோ-தெதெஸ்கோ அவருள் ஒருவர். 1938இல் இத்தாலிய அரசு யூதருக்கெதிராக இனச் சட்டங்களை இயற்றியதன்பின், 1939இல் அவர் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்கா சென்றார். ஜேர்மானியன் எனப் பொருள்படும் பெயரும், இத்தாலியிற் பிறந்த உரிமையும் அவரைக் காக்கவில்லை.

இன்று தெதெஸ்கோ பகையற்ற சாதாரணச் சொல்லாகவே வழங்குகின்றது. ஓரினத்தார் மீது நாம் கொள்ளும் அன்பும் பகையும் அவ்வினத்தின் பெயரிற் படிந்துவிடுகின்றன. அப்படிவைத் துடைத்துப் பார்த்தால், அடியில் எஞ்சுவது 'மக்கள்' என்னும் பொருளொன்றே.