கண்டியின் இளவரசன் மகாஸ்தானன்

உரோமாபுரியிலே கி.பி. 55 ஆம் ஆண்டு, மறைந்த பேரரசன் கிளாடியசின் மைந்தன் பிரித்தானிக்கஸ், தன் பதினான்காம் பிறந்தநாள் நெருங்கிய வேளையில், அரண்மனை விருந்தில் வீழ்ந்து உயிர் நீத்தான். மாற்றாந்தாய் மகனாகிய நீரோ நஞ்சூட்டினான் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு. அதனை ஒத்த கதையொன்று இலங்கையின் மலைநாட்டிலும் உண்டு.

இன்று நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலை தழைக்கும் மலைகள் அடர்ந்த கானகமாயிருந்த காலம் அது. 1594 இல் தந்துறைப் போரிலே போர்த்துக்கேயரை முறியடித்த விமலதர்மசூரியன், அவர்கள் கண்டி அரியணையில் அமர்த்துவதற்கென அழைத்து வந்த தோன கத்தரீனாவையே மணந்தான். அவள் அந்நாட்டின் பழைய அரச குலத்தவள்; குசுமாசன தேவி என்பது அவளது இயற்பெயர். ஆதலின் அவர்களுக்குப் பிறந்த மகாஸ்தானன், வாளின் வெற்றியைத் தந்தை வழியாகவும் குலத்தின் உரிமையைத் தாய் வழியாகவும் ஒருங்கே பெற்றிருந்தான். அவன் பிறப்புரிமையை மறுப்பதற்கு எவருக்கும் வாயில்லை.

1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கி, மலையேறிக் கண்டிக்கு வந்தான். அரசன் அவனை அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று அரசியையும் குழந்தைகளையும் காட்டினான். ஒல்லாந்தர் தன் நாட்டில் கோட்டை கட்ட முன்வந்தால், தானும் அரசியும் இளவரசனும் இளவரசியும் கல்லும் சுண்ணாம்பும் தோளிற் சுமப்பதாக வாக்களித்தான். கல் சுமக்க அக்குழந்தையின் தோள் எம்மாத்திரம்! எனினும் மகாஸ்தானனைப் பற்றி எஞ்சியுள்ள சித்திரங்களுள் ஒளி மிக்கது இதுவே.

1604 இல் விமலதர்மசூரியன் காய்ச்சலால் மாண்டான். துறவாடை களைந்து வந்த அவனுடைய உறவினன் செனரத், அரசியை மணந்து அரசனானான். அவர்களுக்கும் மக்கள் பிறந்தனர். 1612 இல், பதினெட்டு வயதும் நிரம்பாத மகாஸ்தானன் இறந்தான். தன் மகனுக்கு வழிவிடச் செனரத்தே நஞ்சூட்டினான் என்ற ஐயம் எழுந்தது. மறு ஆண்டிலே அரசியும் மறைந்தாள். மகனை இழந்த துயரே அவளைக் கொன்றது என்பர்.

இச்செய்தியை விரித்துரைத்தவர், யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பல்தேயஸ். அவர் நூல் வெளிவந்தது 1672 இல். அதாவது, இளவரசன் மறைந்து அறுபதாண்டுகள் கழிந்த பின்னர். பிரித்தானிக்கசின் முடிவை எழுதிய தசித்துசும் ஏறத்தாழ அத்தனை காலம் கடந்தே எழுதினார். செனரத்துக்கு நோக்கம் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் நோக்கம் வேறு, சான்று வேறு. தந்தையைக் கொண்டுபோன காய்ச்சல் மகனை மட்டும் விட்டுவைக்கும் என்பதற்கு உறுதியேது? இவ்வழக்கில் செனரத்தைக் குற்றவாளியென எழுதிவிடுதல் நேர்மையாகாது.

அரியணை, செனரத்தின் மகன் இரண்டாம் இராசசிங்கனுக்கு 1635 இல் வந்தது. அவனும் கத்தரீனாவின் வயிற்றிற் பிறந்தவனே. 1638 மார்ச்சிலே கன்னொருவையில் போர்த்துக்கேயர் படையை அழித்து, மே மாதத்தில் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தவன் அவன். மகாஸ்தானனின் தோள்களை நம்பித் தந்தை விடுத்த அழைப்பு, முப்பத்தாறு ஆண்டுகளின் பின், அவன் தம்பியின் கையாலேயே நிறைவேறிற்று.