ஓடைப்பட்டியில் ஒரு ஹெரால்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பழைய கார் ஒண்ணை உயிர்ப்பிச்சுக்கிட்டு இருக்கியாமே, அதைப் பத்திப் பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். பழைய கார் என்றதும் தம்பிமார்களுக்குப் படத்தில் பார்த்த அமெரிக்கக் கார்கள்தான் ஞாபகம் வரும். 1964-இல் அங்கே வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வில் 8 சிலிண்டர், சுமார் 6,400 சி.சி., 325 குதிரைத்திறன். அதே 1964-இல் என் தாத்தா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டில் 4 சிலிண்டர், 948 சி.சி., குதிரைகள் சுமார் 35. அன்றைய ஓடைப்பட்டிக்கு அதுவே ஜாஸ்தி.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் பிறந்த டிரையம்ப் கார். வடிவமைத்தவர் மிக்கெலோத்தி என்ற இத்தாலியர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் அதைத் தயாரித்தது. அம்பாசடர், பியட் இரண்டுக்கும் நடுவே நம் தமிழ்நாட்டுக் காராக ஓடியது. பிறகு கெஸல், கடைசியில் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. அது எடுபடவில்லை. 80-களின் முடிவில் கம்பெனியே நின்றுபோனது. அதோடு ஸ்பேர் பார்ட்ஸும் போயிற்று.

எங்கள் வண்டி திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. எங்கள் ஊர் விதையில்லா திராட்சைக்குப் பேர்போனது, தெரியும்தானே? கொடிக்கு மருந்தடிக்க வைத்திருந்த மயில்துத்த மூட்டைகளைக் காருக்குள்ளேயே அடுக்கியிருந்தார்கள். மழையால் துருப்பிடித்ததைவிட அந்த மயில்துத்தம் தின்ற தகரம்தான் அதிகம். தரைத் தகட்டில் கைவிட்டால் மண் தெரியும். 2021-இல் வேலையை ஆரம்பித்தேன். எனக்கு வேலை ஓசூரில். மாதத்துக்கு இரண்டு நாள்தான் ஊருக்குப் போக முடியும் என்பதால், ஆமை வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஹெரால்டு கிராமத்துக்கு ஏற்ற கார். அதற்குத் தனிச் சட்டம் உண்டு. உடம்பு பல துண்டுகளாக அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, பழம் பறிக்க வந்த ஆறு பேரைக் கூப்பிட்டு, பின்பகுதியைத் தூக்கி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டோம். கிரேன் கேட்கவில்லை. பின்சக்கரங்களுக்கு வில்வண்டியின் வில்லைக் குறுக்கே போட்டது மாதிரி ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். கம்பத்தில் லாரிக்கு ஸ்பிரிங் அடிக்கிற பட்டறையில் அதற்கு மறுபடி வளைவு ஏற்றிக் கொடுத்தார்கள்.

முதல் தலைவலி போல்ட்தான். ஹெரால்டு முழுக்க இஞ்ச் கணக்கு, பொடிமரை. கடைக்குப் போனால் எல்லாம் மில்லிமீட்டர். வெளிநாட்டில் எழுதிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்முன்னால் இருந்தது தெரிந்தது: ஜீப்! கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஜீப் அமெரிக்க வில்லிஸ் வழி வந்தது. அதுவும் இஞ்ச் கணக்கு, அதே மரை. போடி, கம்பம் ஜீப் பட்டறைகளில் டால்டா டப்பா நிறைய அந்த போல்ட்டும் நட்டும் கிடந்தன. ஸ்பேனரும் அங்கேதான். கிலோ கணக்கில் வாங்கி வந்தேன்.

வாட்டர் பம்பின் இம்பெல்லர் அரித்துப்போயிருந்தது. பம்புக்கு எந்த ஊர் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்ன வார்ப்படச் சாலையில் பழையதைப் பார்த்து மர அச்சு செய்து, வார்த்து, கடைந்து கொடுத்தார்கள். என்ஜினை மதுரையில் ரீபோர் செய்தோம். இதெல்லாம் பணம் கொடுத்தால் நடக்கிற காரியம்.

நடக்காத காரியம் ஒன்று இருந்தது. முன்சக்கரம் திரும்புவதற்கு அடியில் பித்தளை நிறத்தில் ஒரு மூட்டு உண்டு, டிரனியன் என்பார்கள். அதற்குள் மரை. செங்குத்துத் தண்டு அந்த மரையில்தான் சுழல வேண்டும். இடப்பக்கத்து மரை ஒரு திசை, வலப்பக்கத்து மரை எதிர்த்திசை. எங்கள் வண்டியில் இரண்டுமே தேய்ந்து ஆடின. கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனபோது, சின்னமனூரிலிருந்து வந்திருந்த பெரியவர் கையைப் பிடித்தார். எண்பது வயது தாண்டியவர், எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த வண்டிக்கு மெக்கானிக்.

"தம்பி, இதுக்கு கிரீஸ் அடிக்காதீங்க. இது எண்ணெய் குடிக்கிற மூட்டு."

"ஏன்யா?"

"கிரீஸ் மேலேயே இறுகிப்போயிரும். உள்ளே தண்ணி நிக்கும். தண்டு துருப்புடிச்சு ஒருநாள் முறியும். சக்கரம் மடங்கி வண்டி படுத்துரும். கியர் ஆயில் விடுங்க."

கம்ப்யூட்டரில் படம் வரைகிற எனக்கு அதற்குள் இருந்த கணக்கு அப்போதுதான் புரிந்தது. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற டிரையம்ப் காருக்கும் முன்பக்க அமைப்பு இதேதான். அது 1980 வரை தயாரானதாலும், அங்கே அதை வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதாலும் அதன் டிரனியன்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஒரு ஜோடி வரவழைத்தேன். பெரியவர் தடவிப் பார்த்தே எது இடது, எது வலது என்று பிரித்து வைத்தார். அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. வால்வு இடைவெளி 10 தௌ என்பதிலிருந்து, எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்பதுவரை அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 140 பக்கம். காரைவிட இந்த நோட்டு முடிய வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை.

"மாருதி என்ஜினைத் தூக்கிப் போடுப்பா, ஒரே மாசத்துல ஓடும்" என்று சொந்தக்காரர்கள் பலர் சொன்னார்கள். ஓடும்தான். ஆனால் 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது கடந்த சொந்த வாகனத்தை விண்டேஜ் என்று பதியலாம். சட்டமும் உடற்கூடும் என்ஜினும் பெரிய மாற்றமில்லாமல் பழையபடியே இருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். எங்களிடம் இருப்பது மதுரை மாவட்டமாக இருந்த காலத்து ஆர்.சி. புத்தகம், ஓரம் கரையான் தின்றது. நல்லவேளையாக என்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் தப்பித்தன. என்ஜினை மாற்றியிருந்தால் அந்தப் புத்தகமும் வெறும் காகிதம்தான்.

வேலை இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பீர்கள். போன பொங்கலுக்கு என்ஜின் ஓடியது. சட்டம் பெயின்ட் முடிந்து நான்கு சக்கரத்தில் நிற்கிறது. தரைத் தகடு புதிது, டிங்கரிங் பாதி. வயரிங் தொடவே இல்லை. இடது கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் நாலு தடவை அலைந்தாயிற்று. இந்த மண்டபத்தில் இருநூறு குடும்பங்கள் இருக்கிறீர்கள். யார் வீட்டு மாட்டுத் தொழுவத்திலாவது, மாமனார் வீட்டுப் பரணிலாவது ஹெரால்டு கதவு ஒன்று சாத்தி வைத்திருந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துச் சொல்லுங்கள். இரண்டு கதவு மாடல், இடப்பக்கம். அளவு எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.