கூடி வாசிக்கும் குழந்தைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரெயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். சங்கீத சாஸ்திரம் கற்றவனல்லன். அத்தகைய ஒருவன் இந்த அவையில் சங்கீதத்தைப் பற்றிப் பேச முன்வருவது துணிச்சல்தான். ஆயினும், வயலின் பயிலும் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன் என்ற முறையிலும், அக்குழந்தையின் விஷயத்தில் ஒரு தவறு செய்து பின்னர் அதை உணர்ந்தவன் என்ற முறையிலும், சில வார்த்தைகள் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன்.

தாய்நாட்டை விட்டுத் தொலைவில், இந்த ஜபல்பூரில் வாழும் நமக்கு, குழந்தைகளின் சங்கீதப் பயிற்சி ஒரு பெருங்கவலையாக இருந்த காலம் உண்டு. இன்று அக்கவலை பாதி தீர்ந்துவிட்டது. தஞ்சாவூரில் இருக்கும் ஆசிரியர், கைபேசித் திரை வழியே நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறார். தம்பூராவும் அதே கைபேசியில் ஒலிக்கிறது; தாளமும் ஒலிக்கிறது. என் மகள் ஆறு வயதில் தொடங்கினாள். பத்து வயதுக்குள் வர்ணங்களை இரண்டு காலத்திலும் தட்டின்றி வாசித்தாள். போட்டிகளில் பரிசும் பெற்றாள். நான் பெருமையில் மிதந்தேன் என்பதை மறைப்பானேன்?

சென்ற ஆண்டுக்கு முந்திய நவராத்திரியில், எங்கள் வீட்டுக் கொலுவுக்கு, தளவாடத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். காலனியில் எல்லோருக்கும் அவர் மாமாதான். அவரைப் பாடச் சொன்னோம். மகளை வயலினுடன் அமர்த்தினேன். எதிர் வீட்டுப் பையன் மிருதங்கத்தோடு உட்கார்ந்தான். மோகன வர்ணம் தொடங்கிற்று. மாமாவுக்கு வயது எழுபதுக்கு மேல். மூச்சு வாங்க ஓரிடத்தில் சற்று நின்றார். என் மகள் நிற்கவில்லை. தான் பாடம் செய்தபடியே விரைந்து போய்க்கொண்டிருந்தாள். பையன் யாரைப் பின்பற்றுவது என்று அறியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமா பாட்டை நிறுத்திவிட்டார்.

“மாமாவுக்குத் தாளம் நிற்கவில்லை, அப்பா!” என்றாள் மகள், எல்லோர் காதிலும் விழும்படி.

அவர் சிறிதும் கோபிக்கவில்லை. “நீ நன்றாகத்தான் வாசித்தாய், அம்மா. ஆனால் நான் பாடியதை நீ கேட்கவில்லையே!” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குற்றம் குழந்தையுடையதன்று. நான்கு ஆண்டுகளாக அவள் ஓர் இயந்திரத்தோடுதான் வாசித்து வந்தாள். இயந்திரம் தவறு செய்வதில்லை, மூச்சு வாங்குவதில்லை, நமக்காகக் காத்திருப்பதுமில்லை. நாம் அதைக் கேட்கலாம். அது நம்மைக் கேட்காது. ரெயிலை ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், பின்னால் இருக்கும் கார்டு பச்சைக் கொடி காட்டாமல் வண்டியை நகர்த்துவதில்லை. நாள்தோறும் அதைப் பார்க்கும் நான், என் பெண்ணுக்கு எஞ்சினை ஓட்ட மட்டும் கற்றுக்கொடுத்தேன். திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

அன்பர்களே! நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். நாகஸ்வரக் குழுவை நினைத்துப் பாருங்கள். சிறுவன் முதலில் தாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பெரியவர்கள் நடுவே மணிக்கணக்கில் நிற்பான். பிறகு ஒத்து ஊதுவான். ஒரே சுருதியை இடைவிடாது ஊதிக்கொண்டே, ராகமும் தவிலும் தன்னைச் சுற்றி எவ்வாறு வளைந்து ஓடுகின்றன என்பதைக் காதால் உண்பான். தனியே பேர் வாங்குவதற்கு முன்பே கூட்டத்தில் நிற்கப் பழகிவிடுவான்.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து கட்னி வழியாகப் பிரயாக்ராஜ் மார்க்கத்தில் செல்லும் வண்டிகள் மைஹர் என்னும் ஊரைத் தாண்டிச் செல்கின்றன. சாரதா தேவியைத் தரிசிக்க நம்மில் பலர் அங்கே போயிருக்கிறோம். அவ்வூர் அரண்மனை வித்வானாக இருந்த உஸ்தாத் அலாவுதீன் கான், 1918-ஆம் ஆண்டை ஒட்டி, கொள்ளை நோயில் பெற்றோரை இழந்த குழந்தைகளைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழு அமைத்தார். துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து, ‘நல் தரங்கம்’ என்னும் புது வாத்தியமும் அவர்களுக்காகச் செய்தார். கைக்கு ஒரு வாத்தியத்தைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு துணையையும் கொடுத்தார். அந்தப் பெரியவரிடம் பயின்ற பண்டித ரவிசங்கரும், தென்னாட்டு வயலின் வித்வான் டி. கே. ஜெயராம ஐயரும், 1952-இல் டில்லி வானொலியில் தோன்றிய வாத்திய விருந்தத்தை நடத்தினார்கள். வடக்கும் தெற்கும் ஒரே மேடையில் கூடி வாசித்த வரலாறு அது.

இனி, எங்கள் சிறு அனுபவத்தைச் சொல்கிறேன். நவராத்திரி முடிந்த மறு ஞாயிறு, மகளை அழைத்துக்கொண்டு மாமாவின் வீட்டுக்குப் போனேன். “வாரம் ஒரு நாள் இவள் உங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அனுமதிக்க வேண்டும்” என்று கேட்டுக்கொண்டேன். அவர் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். எதிர் வீட்டுப் பையனும் சேர்ந்தான்.

முதல் இடையூறு சுருதி. மாமாவின் சாரீரத்துக்கு ஒரு கட்டை உகந்தது. குழந்தையின் சிறிய வயலினில் தந்திகளை அவ்வளவு தளர்த்தினால் நாதம் எழாது. பையனுடைய மிருதங்கமோ ஹெச்சு சுருதிக்குக் கட்டியது. அதை ஓரளவுக்கு மேல் இறக்க இயலாது. முடிவில் மாமா சற்று ஏற்றி இரண்டு கட்டையில் பாடினார். சங்கத்து அலமாரியில் பல்லாண்டு கிடந்த தக்கு மிருதங்கத்தைச் சென்னைக்கு அனுப்பித் தோல் மாற்றி வரவழைத்தோம். பிறருக்காகத் தன் சுருதியை மாற்றிக்கொள்வதே சேர்ந்து வாசிப்பதன் முதற்பாடம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது, பாடம். குழந்தை எவ்வளவு முன்னேறியிருந்தாலும், கூட்டாக வாசிக்கும்போது அதற்கு மிக எளிதாக இருப்பதையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கீதமும் ஸ்வரஜதியும் போதும். விரல்களுக்கு வேலை குறைந்தால்தான் காதுக்கு வேலை கிடைக்கும். பெரிய கீர்த்தனைகளுக்கு அவசரமே இல்லை.

மூன்றாவது, முறை மாற்றம். ஒரு வாரம் குழந்தை முன்னே செல்லட்டும். மறு வாரம் பின்னே வரட்டும். இன்னொரு வாரம் வாத்தியத்தை உறையில் வைத்துவிட்டுத் தாளம் மட்டும் போடட்டும். தாளம் போடச் சொன்னபோது என் மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் அன்றுதான் மிருதங்கத்தில் தொப்பியின் ஒலியை முதன்முதலாகக் கவனித்ததாக அவளே பிறகு சொன்னாள்.

நான்காவது, நம்மவர் மட்டுமே வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தெரு ஹிந்திக்காரர் வீட்டுப் பிள்ளை தபேலா வாசிக்கிறான். நம் ஆதி தாளம் எட்டு அட்சரம். அவனுடைய கஹர்வா எட்டு மாத்திரை. நம் மோகனத்தின் ஸ்வரங்களே அவர்களுடைய பூப் ராகத்தின் ஸ்வரங்கள். நம் ஹிந்தோளம் அவர்களுக்கு மால்கௌன்ஸ். போக்கு வேறானாலும் வாசற்படி ஒன்றே. வங்காளிகளின் பூஜைப் பந்தலும், மாதா கோயிலின் பாடகர் குழுவும் நமக்கு அயலானவையல்ல. நமக்கோ நவராத்திரி ஒன்பது மாலைகள், மார்கழி பஜனை, ராம நவமி, தியாகராஜ ஆராதனை என்று ஆண்டு முழுவதும் வாய்ப்புகள் உள்ளன. திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பெரிய வித்வான்களும் வரிசையில் ஒருவராக அமர்ந்து கோஷ்டியாகத்தானே பாடுகிறார்கள்!

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. திறமையுள்ள குழந்தையைப் பெரியவர்களோடு அமர்த்தும்போது அதைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. இரவு வெகுநேரம் உட்கார வைக்கக் கூடாது. பெரியவர் தவறினால் குழந்தை சிரிக்கவும், குழந்தை தவறினால் பெரியவர் அதட்டவும் இடங்கொடுக்கலாகாது.

இவ்வாறு ஒன்றரை ஆண்டு கழிந்தது. சென்ற பங்குனியில் எதிர் வீட்டுக்காரருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நம் வாழ்வில் இது புதிதன்று. சாமான்களைக் கட்டினார்கள். கடைசி ஞாயிறன்று மூவரும் அதே மோகன வர்ணத்தை எடுத்தார்கள். மாமா அதே இடத்தில் மூச்சு வாங்க நின்றார். என் மகளின் வில்லும் நின்றது. பையனின் கையும் நின்றது. மூவரும் சேர்ந்தே மறுபடி தொடங்கினார்கள். பரிசு பெற்ற நாட்களில் எனக்கு உண்டாகாத மகிழ்ச்சி அன்று உண்டாயிற்று.

வீடு திரும்பும்போது மகள் கேட்டாள்: “அப்பா, இனி நான் யாருடன் வாசிப்பேன்?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதற்காகவே இன்று இங்கே நிற்கிறேன். சங்கத்து நிர்வாகிகளுக்கு நான்கு விண்ணப்பங்கள். ஞாயிறு தோறும் மாலை நான்கு முதல் ஆறு மணி வரை நம் கூடத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஹெச்சுக்கு ஒன்று, தக்குக்கு ஒன்று என இரண்டு மிருதங்கங்களையும் ஒரு தம்பூராவையும் சங்கத்தின் சொத்தாகப் பேணுங்கள். மாற்றலாகி வரும் ஒவ்வொரு குடும்பத்தையும், “உங்கள் குழந்தை என்ன வாசிக்கிறது?” என்று கேளுங்கள். நம்மை விட்டுப் போகும் குழந்தைக்காக, அது போகும் ஊர்ச் சங்கத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுங்கள். எதிர் வீட்டுப் பையனுக்காக நான் எழுதினேன். பதினைந்தாம் நாள் பதில் வந்தது. அங்கே புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு சிறுமி மிருதங்கத்துக்காகக் காத்திருந்தாளாம்!

இந்த அவையிலும் அவ்வாறு காத்திருக்கும் குழந்தைகள் இருக்கக்கூடும். விழா முடிந்ததும், பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளின் பெயரையும் வாத்தியத்தையும் என்னிடம் எழுதிக் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். கோப்பு எழுதிப் பழகிய கை. பட்டியலைப் பிழையின்றி எழுதிவிடும். பாட வல்ல பெரியோர்களும் கூச்சமின்றிப் பெயர் கொடுக்கலாம். மூச்சு வாங்கினால் பாதகமில்லை, குழந்தைகள் காத்திருப்பார்கள்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க நம் குழந்தைகளின் இசை!