மருந்துக்கும் ஒரு நேரம் உண்டு

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்கள் கூடுகையில் நர்சிங் கண்காணிப்பாளர் ஆற்றிய உரை)



நோயாளியைப் பார்க்க வார்டுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு: "சிஸ்டர், எட்டு மணி மாத்திரை எட்டரை ஆகியும் வரவில்லையே?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அங்கே மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் துறை, ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு விதி வைத்திருந்தது. எந்த மருந்தானாலும் குறித்த நேரத்துக்கு 30 நிமிடம் முன்போ பின்போ கொடுத்துவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நர்ஸிடம் 6 நோயாளிகள், ஆளுக்கு 8 மருந்துகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48. ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஒரு மருந்துக்கு 75 விநாடி. அதற்குள் ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா என்று பார்த்து, கொடுத்து, எழுதியும் வைக்க வேண்டும்.

2010-இல் மருந்துப் பாதுகாப்புக்கான ஒரு நிறுவனம் அங்கே சுமார் 18,000 நர்ஸுகளிடம் கருத்துக் கேட்டது. கடிகாரத்துக்குப் பயந்து சரிபார்ப்பதை விட்டுவிடுவதும், கொடுத்த நேரத்துக்குப் பதிலாகக் குறித்த நேரத்தையே எழுதிவைப்பதும் நடப்பது தெரியவந்தது. நோயாளியைக் காக்க வந்த விதியே அவருக்கு ஆபத்தாயிற்று!

2011-இல் விதியைத் திருத்தினார்கள். நேரம் தவறக்கூடாத மருந்துகளுக்கு அதே 30 நிமிடம். நாளில் பலமுறை கொடுக்கும் மற்ற மருந்துகளுக்கு முன்பின் 1 மணி நேரம். தினம் ஒருமுறை, வாரம் ஒருமுறை கொடுப்பவற்றுக்கு 2 மணி நேரம்.

நேரம் தவறக்கூடாதவை எவை? சாப்பாட்டை ஒட்டிப் போடும் வேகமான இன்சுலின் ஒன்று. ஊசி போட்டபின் சாப்பாடு தாமதித்தால் சர்க்கரை இறங்கி, நோயாளி வியர்த்து மயங்கிவிடுவார். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா இன்னொன்று. அது தாமதித்தால் கைகால் இறுகி, நடக்கவும் விழுங்கவும் கஷ்டமாகும். ஆனால் வைட்டமின் மாத்திரை அரைமணி பிந்தினால் கேடு ஒன்றுமில்லை.

ஆகவே, மாத்திரை சற்றுப் பிந்தினால் நர்ஸ் அசட்டையாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த கட்டிலில் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்சுலின் போட்டும் சாப்பாடு வரவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் நர்ஸிடம் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கவனம் சிதறினால் மருந்து மாறிப்போகும்.

கடைசியாக ஒன்று. விதியை எழுதி ஒட்டினால் மட்டும் மருந்து நேரத்துக்கு வந்துவிடாது. கொடுப்பதற்குக் கைகள் வேண்டும். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் வரும். இரவு வார்டில் இன்னொரு நர்ஸ் நிற்பதற்குக் கொடுத்தால் பெயர் எங்கும் வராது. நோயாளிக்கு மருந்து வரும்.