ஆமணக்கு எண்ணெயும் நம் இல்லமும்

(எடப்புளி நாட்டு மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றாகிய இந்நாட்டில் எண்ணெய் வித்துக்களைப் பற்றிப் பேசப் புகுந்தால், ஆமணக்கையே முதலிற் கூறவேண்டும். கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக நின்ற செடி அது. ஜவ்வரிசி ஆலைகளுக்கென மரவள்ளி பெருகியபின் கேழ்வரகும் சாமையும் சுருங்கின. அவற்றோடு கலந்து விதைத்தவையும் சுருங்கின. ஆயினும் வேலியோரத்தில் இன்றும் அதற்கு இடமுண்டு.

வித்தை வறுத்து, இடித்து, நீரிட்டுக் கொதிக்கவைத்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, ஈரம் போக மறுபடியும் காய்ச்சுவது நம் பாட்டிமார் முறை. அதில் தக்க காரணம் இருக்கிறது. ஆமணக்கு வித்தில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அது எண்ணெயில் கரையாது; சக்கையில் தங்கிவிடும். கொதியின் வெப்பம் அதன் வீரியத்தைக் கெடுக்கும். எனினும் அச்சக்கையை ஆடுமாடுகளுக்கு வைக்கலாகாது. வயலுக்கு எருவாக இடுக. வித்தையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

சமையலில் இதன் வேலை சிறிது. துவரம்பருப்பு வேகையில் இரண்டு சொட்டு விடுவோம். பருப்பில் தடவி உலர்த்தி வைத்தால் வண்டு அணுகாது. தாளிக்கவும் பொரிக்கவும் நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோதான் ஏற்றது. விளக்கெண்ணெய் மிகுந்தால் வயிறு போகும் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை!

தோலுக்கோ இது பெரிதும் உதவும். மார்கழி, தை மாதங்களின் பனியில் குதிகால் வெடிப்போர் இங்குப் பலர். இரவில் வெந்நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, இவ்வெண்ணெயைப் பூசுக. மிகவும் கெட்டியாதலின் தோலின் ஈரத்தை வெளிவிடாது காக்கும். பிசுபிசுப்புப் பிடிக்காதோர் நல்லெண்ணெய் கலந்துகொள்ளலாம். சீழ் பிடித்த வெடிப்புக்கு மட்டும் இது ஆகாது, வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இனி, நாம் அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று. பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், சங்கில் விளக்கெண்ணெய் புகட்டுவதும் பல ஊர்களில் உள்ள வழக்கம். சளி போகும், குடல் சுத்தமாகும் என்ற அன்பினாலேயே செய்கிறார்கள். ஆனால் எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால், தண்ணீர் புரையேறியது போல் குழந்தை இருமி வெளித்தள்ளுவதில்லை. அது நுரையீரலில் தங்கிக் கபவாத சுரத்தை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து. முதல் ஆறு மாதம் வாய்க்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். மூக்கிலும் காதிலும் எதையும் விடலாகாது. அப்படி விட்ட குழந்தைக்கு மூச்சு இரைத்தாலோ, அது பால் குடிக்க மறுத்தாலோ, அன்றே அரசு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. எண்ணெய் விட்டதை மறைக்காமல் வைத்தியரிடம் கூறுக.